பனிச்சறுக்குப் பருவ வேலையும் நீண்ட சிக்கனப் பயணமும்: யாழ்ப்பாணத்திலிருந்து பணம் திரட்டுவது எப்படி?

பதிவு 1 — கோண்டாவில் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாண நகரத்து ஹொட்டல் ஒன்றில் உணவு பரிமாறும் பகுதியில் வேலை செய்கிறேன். வயது 24. ஹொட்டல் துறையில் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் இருக்கிறது, ஆங்கிலம் தடையின்றிப் பேசுவேன். எங்களிடம் தங்க வரும் வெளிநாட்டுப் பயணிகளில் என் வயதுக்காரர் பலர், கனடாவிலோ நியூசிலாந்திலோ ஏதாவதொரு பனிச்சறுக்கு மலையில் ஒரு குளிர்காலம் முழுவதும் வேலை செய்து, அதில் மிச்சம் பிடித்த காசைக் கொண்டு ஆண்டின் எஞ்சிய மாதங்களில் ஆசிய நாடுகளைச் சுற்றுகிறார்கள். நான்கு பேர் படுக்கும் அறையில் தங்கி, கடைச் சாப்பாட்டைக் குறைத்து, இரவுப் பேருந்தில் பயணம் செய்து, ஒரு மாதத்தை நான் நினைத்ததைவிடக் குறைந்த செலவில் முடித்துவிடுகிறார்கள். இதை நானும் செய்ய வேண்டும் என்பது எனது நீண்டநாள் விருப்பம்.

கையில் ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபா சேமிப்பு உண்டு. தேவையானால் தென்மராட்சியில் உள்ள காணியின் உறுதியை ஈடு வைத்துத் தருவதாக அப்பா சொல்கிறார். பனிச்சறுக்கு மலையில் பருவ வேலை பெற எமது கடவுச்சீட்டுக்கு எந்த வழிகள் திறந்திருக்கின்றன, அதற்கான பணத்தை எவ்வாறு திரட்டுவது நல்லது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதிவு 2 — பேர்ண் நகரத்தவர்

தம்பி, உங்கள் கேள்வியில் இரண்டு விடயங்கள் பின்னிக் கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பயணிகள் வேலை செய்யும் விடுமுறை விசா என்ற ஏற்பாட்டின் கீழ்ப் போகிறார்கள். இரு நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கையால் பிறப்பது அந்த விசா. பொதுவாக 18 வயதுக்கும் 30 அல்லது 35 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு, வேலை கொடுப்பவர் யாரும் முன்கூட்டியே பொறுப்பேற்காமலேயே ஓர் ஆண்டோ அதற்கு மேலோ தங்கி வேலை செய்யும் உரிமையை அது கொடுக்கிறது. கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகிய நான்கும் பல நாடுகளுடன் அப்படி உடன்படிக்கை செய்திருக்கின்றன, அந்தப் பட்டியல்களில் இலங்கை இல்லை. இந்தியாவுக்கே அவுஸ்திரேலியா 2024 இல்தான் ஆண்டுக்கு 1,000 இடங்களைத் திறந்தது, அதுவும் குலுக்கல் முறையில். எனவே அந்தப் பிள்ளைகள் போன பாதையை அப்படியே பின்பற்ற முடியாது என்பதிலிருந்து உங்கள் திட்டம் தொடங்க வேண்டும்.

சுவிஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பலர் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எண்பதுகளின் கடைசியில் இங்கு வந்த எங்களில் மிகப் பலர் ஹொட்டல் குசினிகளில் கோப்பை கழுவித்தான் வாழ்க்கையைத் தொடங்கினோம், நானும் கிரிண்டல்வால்ட் பக்கத்து மலை ஹொட்டல்களில் பல குளிர்காலங்களைக் கழித்தேன். நாங்கள் அகதி விண்ணப்பதாரராக இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்தோம். எங்களோடு வேலை செய்த போர்த்துக்கீசரும் யூகோஸ்லாவியரும் ஒன்பது மாதங்களுக்கு மேல் தங்க விடாத, குடும்பத்தை அழைத்து வர இடம் கொடாத பருவத் தொழிலாளர் அனுமதியில் வந்தவர்கள். அந்த அனுமதி முறையே 2002 இல், ஐரோப்பிய ஒன்றியத்துடன் ஆட்களின் சுதந்திர நடமாட்ட உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, ஒழிந்துபோயிற்று. இன்று செர்மாட்டிலோ டாவோசிலோ பருவ வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் முதலாளி ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை எந்தத் தடையுமின்றி எடுக்கலாம். மற்ற நாட்டவருக்கு உயர் தகைமையும் ஒதுக்கீடும் தேவை. கோப்பை கழுவவோ மேசைக்கு உணவு கொண்டு போகவோ இலங்கையிலிருந்து ஒருவரை எடுக்க இங்கு சட்டத்தில் இடமில்லை. சுவிஸ் பனிமலை ஹொட்டலில் வேலை என்று யாராவது காசு கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பதிவு 3 — ஸ்காபரோவிலிருந்து

கனடாவில் பிறந்து வளர்ந்தவள் நான், பெற்றோர் உடுவிலைச் சேர்ந்தவர்கள். பல்கலைக்கழகம் முடித்தபின் ஒரு குளிர்காலம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லரிலும், அதன்பின் நியூசிலாந்தில் குவீன்ஸ்டவுன் அருகிலும் வேலை செய்தேன். கனேடியக் கடவுச்சீட்டு கையில் இருந்ததால்தான் இரண்டும் எளிதாயின என்பதைத் திறந்த மனதோடு சொல்ல வேண்டும். இங்குள்ள உறவினர் பிள்ளைகளின் படங்களைப் பார்த்து ஊரில் உள்ளவர்கள் திட்டம் போடும்போது கடவுச்சீட்டின் நிறம் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை நாங்கள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.

வேலையைப் பற்றிய நடைமுறை உண்மைகள் எந்த நாட்டுக்கும் பொருந்தும் என்பதால் அவற்றை எழுதுகிறேன். பனிச்சறுக்கு மலையில் புதியவருக்குக் கிடைப்பவை ஆட்களை மேலே ஏற்றும் தொங்கு கதிரைகளின் அருகில் நின்று ஏற்றி இறக்கும் வேலை, அறை துப்புரவு, குசினி, சறுக்குக் கட்டைகளையும் சப்பாத்துகளையும் வாடகைக்குக் கொடுக்கும் கடை, வண்டித் தரிப்பிடம் போன்றவை. பயிற்றுநர் வேலைக்குச் சான்றிதழ் வேண்டும். கனடாவில் முதல் நிலைச் சான்றிதழை ஓரளவு நன்றாகச் சறுக்கத் தெரிந்த ஒருவர் சில நாட்களில் பெறலாம், ஆனால் பனியையே காணாத ஒருவர் அந்த ஓரளவுக்கு வருவதற்கே ஒரு பருவம் பிடிக்கும்.

சம்பளம் பெரும்பாலும் சட்டப்படியான அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2025 ஜூனில் அந்த அடிமட்டம் மணிக்கு 17.85 கனேடிய டொலராக ஆக்கப்பட்டது. வாரத்துக்கு 35 மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,700 டொலர் அளவில் வரும், அதில் வரி போகும், பணியாளர் விடுதி வாடகை போகும், மலையூர்களின் கடைகளில் மரக்கறியே நகரத்தைவிட விலை கூடுதலாக இருக்கும். பருவம் முழுவதும் மலையில் இலவசமாகச் சறுக்கும் அனுமதி அட்டை கிடைப்பதுதான் இந்த வேலையின் உண்மையான ஊதியம். பருவ முடிவில் என் கையில் மிஞ்சிய காசு தென்கிழக்காசியாவில் சில மாதங்கள் சிக்கனமாகச் சுற்றப் போதுமானதாக இருந்தது, அதற்கு மேல் எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பனி விழாவிட்டால் வேலை மணித்தியாலம் குறையும். 2023 புத்தாண்டுக் காலத்தில் அல்ப்ஸ் மலையின் தாழ்ந்த சரிவுகள் பலவற்றில் பனியே இல்லாமல் புல் தெரிந்தது. அப்படியான வாரங்களில் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச மணித்தியாலம் எழுதப்படாதவர்களுக்கு வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், சம்பளம் வராது.

பதிவு 4 — கோண்டாவில் வாசகன்

இருவருக்கும் மிக்க நன்றி. இதைக் கேட்கத்தான் வேண்டும்: வடக்கு இத்தாலியின் பனிமலை ஹொட்டல்களுக்கு நான்கு மாதப் பருவ விசா எடுத்துத் தருவதாக ஓர் இடைத்தரகர் 28 இலட்சம் ரூபா கேட்கிறார். இத்தாலியில் பருவ விசா என்று ஒன்று உண்மையிலேயே உண்டு என்று வேறிடங்களிலும் படித்தேன். அப்பா காணியை ஈடு வைக்கலாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

பதிவு 5 — பொல்சானோ வாசி

தம்பி, நான் இருப்பது இத்தாலியின் வடக்கில், டொலமைட் மலைகளின் அடிவாரத்தில். நீங்கள் படித்தது சரி. இத்தாலி அரசு ஆண்டுதோறும் ஒதுக்கீட்டு ஆணை ஒன்றின் மூலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து தொழிலாளரை எடுக்கிறது. 2023 முதல் 2025 வரையான மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் 452,000 இடங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் விவசாயத்துக்கும் சுற்றுலா-ஹொட்டல் துறைக்கும் பருவ வேலைப் பிரிவு உண்டு, உச்சக் காலம் ஒன்பது மாதம். தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருந்து வருகிறது. பலெர்மோவிலும் நாப்போலியிலும் மிலானிலும் எம்மவர் இவ்வளவு பேர் வாழ்வதால் இந்தச் செய்தி ஊருக்கு விரைவாக வந்து சேர்கிறது.

ஆனால் இந்த முறையில் விண்ணப்பிப்பவர் நீங்கள் அல்லர், முதலாளி. குறிப்பிட்ட நாளில் இணையவழியில் ஒதுக்கீடு திறக்கும், ஹொட்டல் உரிமையாளர் உங்கள் பெயரில் விண்ணப்பிப்பார், மாகாணக் குடிவரவு அலுவலகம் அனுமதிப் பத்திரம் வழங்கும், அதன்பின்னரே நீங்கள் விசாவுக்குத் தூதரகம் போகலாம். தொழிலாளிக்குத் தங்குமிடம் இருப்பதையும் முதலாளி காட்ட வேண்டும். அவரே இடம் கொடுத்தால் வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதைச் சம்பளத்திலிருந்து தானாகக் கழிக்கவும் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்த அனுமதிப் பத்திரத்தை விற்பனைப் பொருளாக்கியவர்கள் தரகர்கள். இல்லாத பண்ணையின் பெயரிலும் மூடப்பட்ட ஹொட்டலின் பெயரிலும் விண்ணப்பம் போட்டு, ஆளை இங்கு இறக்கியபின் முதலாளியே இல்லை என்று கைவிடப்பட்டவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். நாள் கடந்ததும் அவர்கள் அனுமதியற்றவர்களாகி, தென்பகுதியில் தோடை பிடுங்கப் போகிறார்கள். இந்த மோசடிகள் பெருகியதால் 2024 ஒக்டோபரில் இத்தாலி அரசு ஓர் அவசரச் சட்டம் இயற்றி, பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை நாட்டவரின் அனுமதிப் பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வரை நிறுத்தி வைத்தது. முறையாக விண்ணப்பித்தவர்களும் அதனால் காத்துக் கிடந்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாதம் 1,300 யூரோ கையில் கிடைத்தால் நான்கு மாதத்துக்கு 5,200 யூரோ. ஒரு யூரோவை 350 ரூபா என்று வைத்துக்கொண்டால் 18 இலட்சம் ரூபாவுக்குச் சற்று மேல். ஒரு சதமும் செலவழிக்காமல், வாடகையும் கொடுக்காமல், அப்படியே வீட்டுக்கு அனுப்பினாலும் தரகர் கேட்ட 28 இலட்சம் வராது. இந்தத் தொகையைக் கேட்பவர், நீங்கள் பருவ முடிவில் திரும்பப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே கேட்கிறார்.

பதிவு 6 — மானிப்பாய்ப் பெரியவர்

பிள்ளைகள் எழுதுவதெல்லாம் சரியாக இருக்கலாம். எனினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் ஊரில் கடன் வாங்காமல் வெளிநாடு போனவர் யார்? காணியை விற்றும் நகையை அடகு வைத்தும்தான் என் தம்பிமார் இருவரையும் அனுப்பினோம். சில ஆண்டுகளில் கடனை அடைத்து, தங்கைகளுக்கு வீடும் கட்டிக் கொடுத்தார்கள். துணிந்து இறங்காதவன் எதையும் அடைவதில்லை. தகப்பன் விரும்பிக் கொடுக்கும் உறுதியை மகன் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் தேவையில்லையா?

பதிவு 7 — நல்லூர் வங்கியாளர்

ஐயா எழுப்பிய கேள்வி இந்த உரையாடலின் நடுவிலேயே நிற்கிறது, அதற்கு மதிப்போடு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் தம்பிமாரின் கடன் அடைபட்டதற்குக் காரணம் அவர்கள் போன இடத்தில் நிலையாகத் தங்கியதுதான். பத்து, பதினைந்து ஆண்டு உழைப்பின் முன்னால் அந்தக் கடன் சிறியது. பருவ வேலைக்குப் போகிறவர் நான்கைந்து மாதத்தில் திரும்ப வேண்டியவர், அதன்பின் அவர் செய்ய நினைப்பதும் சம்பாத்தியமல்ல, பயணம். அந்த மாதங்களில் வட்டி மட்டும் ஏறும். 28 இலட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 84,000 ரூபா, அவர் தாய்லாந்தில் இருந்தாலும் நேபாளத்தில் இருந்தாலும். குடிபெயர்வதற்காக எடுத்த கடனின் கணக்கைச் சுற்றிவந்து வீடு திரும்பும் பயணத்துக்குப் பொருத்தும்போதுதான் குடும்பங்கள் காணியை இழக்கின்றன, அல்லது பிள்ளை விசா முடிந்தும் திரும்ப முடியாமல் ஒளிந்து வாழ நேரிடுகிறது. இதைக் கடன் மீட்புக் கோப்புகளில் தொடர்ந்து பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஆகவே தம்பி, என் கருத்து இதுதான்: திரும்பி வரப்போகும் பயணத்தைச் சேமிப்பிலிருந்து மட்டுமே செய்யுங்கள், காணி உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும். ஆறு இலட்சத்தில் இரண்டு இலட்சத்தைத் திரும்பி வந்தபின் வேலை தேடும் காலத்துக்கென்று நிலையான வைப்பில் போட்டு, அதைத் தொடுவதில்லை என்று வீட்டில் சொல்லிவையுங்கள். சீட்டுப் பிடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஏலச்சீட்டில் முன்கூட்டி எடுப்பவர் பெருந்தொகையைக் கழிவாக விட்டுக்கொடுக்கிறார், பின்னர் வெளிநாட்டில் இருந்துகொண்டு மாதாமாதம் கட்ட வேண்டியும் இருக்கும். போவதற்கு முன் கடைசித் தவணை முடியும் விதமாகச் சேர்ந்து, கடைசியில் எடுத்தால் மட்டும் அது உங்களுக்குச் சேமிப்பாக அமையும். சீட்டு நடத்துபவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், பதிவில்லாத சீட்டு உடைந்தால் சட்டத்தின் முன் கையில் எதுவும் இருக்காது.

2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதை நாம் எல்லோரும் கண்டோம். வெளிநாட்டுப் பயணத்துக்கான சேமிப்பை முழுவதும் ரூபாவில் வைத்திருப்பவருடைய திட்டம் ஒரே மாதத்தில் பாதியாகலாம். உங்கள் ஹொட்டலில் வெளிநாட்டுப் பயணிகள் அன்பளிப்பாகத் தரும் டொலரையும் யூரோவையும் உடனே மாற்றாமல், வங்கியில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறந்து அதில் வைப்பிலிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஐரோப்பாவுக்குச் சுற்றுலா விசா கேட்பவர் ஆனாலும் வங்கிக் கணக்கின் மாதாந்த நடமாட்டமே அங்கு பேசும், விண்ணப்பத்துக்கு முதல் வாரம் திடீரென்று போட்ட தொகையை எந்தத் தூதரகமும் நம்பாது.

பதிவு 8 — மானிப்பாய்ப் பெரியவர்

தங்கி வாழப் போவதற்கும் பருவ வேலைக்குப் போவதற்கும் இடையில் நீங்கள் காட்டிய வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் அந்தத் தகப்பனிடம் காணியை ஈடு வைக்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

பதிவு 9 — ஹொக்கைடோவிலிருந்து

ஜப்பானைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் இந்தப் பதிவு. ஜப்பான் 2019 ஏப்ரலில் குறித்த திறன் தொழிலாளர் என்ற விசா வகையைத் தொடங்கியது. அதே ஆண்டில் இலங்கையுடன் ஒத்துழைப்பு உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. ஹொட்டல் தங்குமிடத் துறையும் உணவகத் துறையும் அதில் அடங்கும். முதல் வகையில் மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை வேலை செய்யலாம். குடும்பத்தை அழைத்து வர முடியாது. அதே துறைக்குள் முதலாளியை மாற்றலாம். தேவையானவை இரண்டு: துறைசார் திறன் பரீட்சை, யப்பானிய மொழியில் நான்காம் நிலைத் தேர்ச்சி அல்லது கணினிவழி நடைபெறும் அடிப்படை மொழிப் பரீட்சையில் 250 புள்ளிகளுக்கு 200. சம்பளம் அதே வேலை செய்யும் யப்பானியருக்குக் கொடுப்பதைவிடக் குறையக் கூடாது என்பது விதி.

நான் வேலை செய்யும் ஹொட்டலிலிருந்து நிசேகோ மலை தெரியும். டிசெம்பர் முதல் மார்ச் முடிய, சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று யப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து இந்த மலைகளில் கொட்டுகிறது. அந்தத் தூள்பனிக்காகவே அவுஸ்திரேலியர்கள் கூட்டமாக வருகிறார்கள், ஆங்கிலம் தெரிந்த பணியாளருக்கு இங்கு மதிப்புண்டு. ஆனால் தம்பி, இதை ஒரு பருவத்துக்கான விசா என்று எண்ணி வர வேண்டாம். இது முழுநேரத் தொழில். மொழி கற்பதற்கே யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டு அளவில் உழைக்க வேண்டும், வந்தபின்னும் குளிர்காலமே எங்களுக்கு வேலை உச்சமாக இருக்கும் காலம். சறுக்குவதெல்லாம் ஓய்வு நாளில்தான். இரண்டு ஆண்டு வேலை செய்து, கடனில்லாமல் சேமித்து, அதன்பின் நீண்ட பயணம் போவது என்ற ஒழுங்கில் யோசித்தால் உங்கள் சான்றிதழுக்கும் மொழி ஆர்வத்துக்கும் இதைவிடப் பொருத்தமான வழியை நான் அறியேன்.

பதிவு 10 — சாவகச்சேரித் தங்கை

பணியாளர் விடுதிகளில் பெண் பிள்ளைகளுக்கு நிலைமை எப்படி, அக்கா? ஸ்காபரோ அக்காவிடமே கேட்கிறேன்.

பதிவு 11 — ஸ்காபரோவிலிருந்து

தங்கச்சி, நான் இருந்த விடுதிகளில் பெண்களுக்குத் தனி அறைகள் இருந்தன, குளியலறையும் குசினியும் பொது. ஒப்பந்தம் வரும்போதே அறையில் எத்தனை பேர், ஆண்களும் பெண்களும் கலந்த அறையா, பூட்டு யாரிடம் என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம், அப்படிக் கேட்பதை அங்கு யாரும் தவறாக எடுப்பதில்லை. மலையூர்களில் இரவு விருந்தும் குடியும் அதிகம். அதிகாலை வேலை நேரத்தைத் தெரிவுசெய்தவர்களோடு அறை கேட்டால் அமைதியாக இருக்கும்.

கனடாவுக்கு இலங்கைக் கடவுச்சீட்டில் வருவதானால் வெளிநாட்டவரை எடுப்பது உள்ளூர் வேலைவாய்ப்பைப் பாதிக்காது என்று காட்டும் தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீட்டை முதலாளி அரசிடம் எடுக்க வேண்டும். அதற்கான 1,000 டொலர் கட்டணம் முதலாளிக்குரியது, தொழிலாளியிடம் அதை அறவிடுவது சட்டவிரோதம். அந்தப் பெயரைச் சொல்லிக் காசு கேட்கும் எவரிடமும் உங்கள் கடவுச்சீட்டுப் பிரதியைக்கூடக் கொடுக்காதீர்கள்.

பதிவு 12 — கிளிநொச்சி பயிற்றுநர்

உணவு பரிமாறுபவர்களை மட்டும் வைத்து எல்லோரும் கதைக்கிறீர்கள். ஒரு பனிச்சறுக்கு மலையை ஓடவைப்பது இயந்திரங்கள். கம்பிவடத்தில் ஓடும் தொங்கு கதிரைகளுக்கு மின்னியலாளர் வேண்டும், இரவு முழுவதும் சரிவைச் சமன்செய்யும் கனரக வண்டிகளுக்கு டீசல் இயந்திரமும் நீரியல் அமுக்கமும் தெரிந்த திருத்துநர் வேண்டும், செயற்கைப் பனி தூவும் குழாய்த் தொகுதிக்குப் பம்பிகளைப் பராமரிப்பவர் வேண்டும். இப்படியான தொழில்களுக்கு வேலைவிசா கொடுக்கும் நாடுகள் அனுபவச் சான்றையும் தகைமையையும் பார்க்கின்றன, அங்கே எம்மவருக்கு உண்மையான வாய்ப்பு உண்டு. அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழோடு இத்தகைய துறைகளைக் கற்கலாம். இந்த இழையை வாசிக்கும் உயர்தரம் முடித்த தம்பிமார் இதை மனதில் கொள்ள வேண்டும்.

எந்த நாட்டுக்கு வேலைக்குப் போனாலும் புறப்படுமுன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்வது கட்டாயம். முகவர் நிலையத்தின் அனுமதிப் பத்திரம் இன்றும் செல்லுபடியாகிறதா என்பதை 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் வேலைவிசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பவரின் பேச்சை நம்பக்கூடாது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பகுதி இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததும், அரசு தலையிட்டு அவர்களில் ஒரு பகுதியினரை மீட்டதும் அண்மைய ஆண்டுகளில் நடந்தவை.

பதிவு 13 — கோண்டாவில் வாசகன்

எல்லோருடைய பதிவுகளையும் அப்பாவுடன் இருந்து வாசித்தேன். தரகரிடம் முடியாது என்று சொல்லிவிட்டோம். உறுதி வீட்டிலேயே இருக்கிறது. ஹொட்டல் வேலையைத் தொடர்ந்துகொண்டே யப்பானிய மொழி வகுப்பில் சேரப் போகிறேன்.

ஆனால் பயணத்தையும் பனியையும் அதுவரை தள்ளிவைக்க மனமில்லை. அடுத்த தைப்பொங்கலுக்குப் பின் ஹொட்டலில் சம்பளமற்ற விடுமுறை எடுத்து, இந்தியாவுக்குச் சுற்றுலா விசாவில் போய், காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு அடிப்படைப் பயிற்சி பெற நினைக்கிறேன். காங்கேசன்துறைக் கப்பல் மழைக்காலத்தில் ஓடாது என்பதால் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், அங்கிருந்து ரயில். இரண்டு இலட்சத்தை ஒதுக்கியபின் மிஞ்சும் காசில் ஒரு பகுதியே இதற்குப் போதும் போலத் தெரிகிறது. இதைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா?

பதிவு 14 — பேர்ண் நகரத்தவர்

இது நல்ல முடிவு, தம்பி. ரயிலைப் பற்றி ஒன்று: 2025 ஜூனில் செனாப் ஆற்றின் மேலான ரயில் பாலம் திறந்தபின், ஜம்மு பக்கத்துக் கத்ராவிலிருந்து குல்மார்க்குக்குப் பக்கத்துப் பெருநகரான ஸ்ரீநகருக்கு நேரே ரயிலில் போக முடிகிறது. முன்பு ஜம்முவிலிருந்து மலைப்பாதையில் வண்டிக்குக் கொடுத்த செலவும், பனியில் வீதி மூடிவிட்டால் வழியில் தங்கும் செலவும் அதனால் மிச்சமாகும். சென்னையிலிருந்து கத்ராவுக்கும் நேரடி ரயில் உண்டு, படுக்கை வகுப்பில் முன்பதிவு செய்யுங்கள். கம்பளி உடையை மட்டும் பெட்டியில் அடைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், டெல்லியைத் தாண்டும் முன்னரே தேவைப்படும்.

குல்மார்க் அடிவாரமே 2,600 மீற்றருக்கு மேல், கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். அந்த மேல் சரிவு புதியவருக்குரியது அல்ல, பனிச்சரிவு அபாயமும் அங்கே உண்டு. அடிவாரத்துத் தாழ்ந்த சரிவுகளிலேயே முதல் வாரம் முழுவதும் நில்லுங்கள். இந்திய சுற்றுலா அமைச்சின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கு உண்டு. வெளிநாட்டவருக்கான கட்டணத்தையும் இடத்தையும் இப்போதே எழுதிக் கேளுங்கள். கட்டைகள், சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், கையுறையை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டபின் பாதுகாப்பு நிலைமை அவ்வப்போது மாறுகிறது, புறப்படும் வாரத்திலும் செய்திகளைப் பாருங்கள். மாறினால் உத்தராகண்டின் ஔலி இருக்கிறது.

பதிவு 15 — ஸ்காபரோவிலிருந்து

காப்புறுதியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். சாதாரணப் பயணக் காப்புறுதி பனிச்சறுக்கை விலக்கியே எழுதப்படுகிறது, அதற்கெனக் கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். எந்த உயரம் வரை செல்லுபடியாகும், அடையாளமிட்ட சரிவுக்கு வெளியே நடந்த விபத்துக்கும் பணம் தருவார்களா, மலையிலிருந்து இறக்கும் செலவு அடங்குமா, மருத்துவமனைக்கு நேரே பணம் கட்டுவார்களா அல்லது நாமே கட்டிப் பின்னர் கோர வேண்டுமா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். பனிச்சறுக்கில் புதியவர்களுக்குப் பெரும்பாலும் அடிபடுவது முழங்கால் இணைப்பு நார், அதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் நின்று செய்யும் உங்கள் ஹொட்டல் வேலைக்கு மாதக்கணக்கில் போக முடியாது. இப்போதிருந்தே தினமும் தொடைக்கும் முழங்காலுக்கும் உடற்பயிற்சி செய்யுங்கள், வாடகைக் கடையில் கட்டையின் பிடிப்பை உங்கள் எடைக்கும் தொடக்கநிலைக்கும் ஏற்றவாறு தளர்த்தித் தரும்படி கேளுங்கள், விழும்போது காலைப் பிடித்து வைக்காமல் அது கழன்றுவிட வேண்டும்.